முத்துக்குளித்துறையில் ஒரு முழு வாக்கியம்

தூத்துக்குடிக்கு நான் போனது ஒரு கையொப்பம் வாங்குவதற்காக.

பிறந்தது பொள்ளாச்சி. இருபது ஆண்டுகளுக்கும் மேலாக கடல் கடந்து வடக்கே ஒரு மழை நகரத்தில், அங்குள்ள பல்கலைக்கழகத்தின் உயிர்மருத்துவத் தகவலியல் துறையில் வேலை. இந்தப் பெயரைச் சொன்னதும், “நீ டாக்டரா, கம்ப்யூட்டரா?” என்று உறவினர்கள் கேட்பார்கள். இரண்டும் இல்லை. மருத்துவமனைகளில் தினமும் சேரும் குறிப்புகளையும் படங்களையும் கணினிக்குப் படிக்கக் கற்றுக்கொடுத்து, ஒரு மனிதக் கண்ணுக்குத் தட்டுப்படாமல் போவதை அதைக்கொண்டு தேடிப் பார்க்கும் துறை அது. ஒரே நடைக்கூடத்தில் நான்கு ஆய்வுக் குழுக்கள். மரபணுக் குழு பெரியது. படக் குழுவிடம் விலையுயர்ந்த திரைகள் இருக்கின்றன. பதிவேட்டுக் குழு நோயாளிகளை வகைப்படுத்தும். எங்கள் மொழிக் குழுவில் மூன்றே பேர். காப்பி இயந்திரத்துக்கு அடுத்த அறை எங்களுடையது. ஒவ்வொரு குழுவுக்கும் தனிக் கதவு, குளிர்பதனப் பெட்டியில் தனித் தட்டு, மற்றவர்களுக்குப் புரியாத தனி நகைச்சுவை. வியாழக்கிழமைகளில் மட்டும் எல்லோரும் ஒரு மேசையில் உட்காருவோம்.

கடலுக்குள் ஆழமாக மூழ்கி, வேகமாக மேலேறுபவர்களின் இரத்தத்தில் காற்றுக் குமிழிகள் உண்டாகும். தோளிலும் முழங்காலிலும் வலி வரும். கால் மரத்துப் போகும். உடனே கவனிக்காவிட்டால் நடையே போய்விடுவதும் உண்டு. செவிலியர் எழுதும் சாதாரணக் குறிப்புகளிலிருந்து இந்த நோயைக் கணினி அடையாளம் காணுமானால், கடலோரத்தில் எந்தச் சிறு மருத்துவமனையையும் வேளையோடு எச்சரிக்கலாம். அதற்காகப் பல கடற்கரைகளிலிருந்து கையெழுத்துக் குறிப்புகளைப் பெயர் மறைத்துத் தருவித்தோம். அவற்றுள் ஒரு கட்டு, சங்கு குளிப்பவர்கள் வாழும் ஒரு கத்தோலிக்கக் கடற்கரை ஊரிலிருந்து வந்தது. திருச்செந்தூருக்குத் தெற்கே, அங்குள்ள தொண்டு மருத்துவமனையின் செவிலியர் ஜெனோவா நான்கு ஆண்டுகளாக எழுதியது.

அந்தக் குறிப்புக் கட்டுதான் சிக்கல். வாக்கியங்கள் பெரும்பாலும் பாதியில் நிற்பதாகக் கணினி காட்டியது. மூழ்குபவர்களின் ஊரிலிருந்து வந்த குறிப்புகளில் மூழ்குபவர்களின் நோய் ஏறக்குறைய இல்லவே இல்லை. நம்பத் தகாதவை என்று சொல்லி அவற்றை ஆய்விலிருந்து நீக்குவதாகத் துறை முடிவு செய்தது. மருத்துவமனை சம்மதித்துக் கையொப்பமிட ஒரு படிவமும் தயாரானது. அண்ணன் மகள் திருமணத்துக்காக நான் ஊருக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன்.

“நீங்களே நேரில் சொல்லிவிட்டு வாருங்கள். நான்கு ஆண்டு எழுதியவருக்கு இதை மின்னஞ்சலில் சொல்வது மரியாதையாகாது” என்றார் பதிவேட்டுக் குழுத் தலைவர் ஹென்ரிக். நல்ல மனிதர். அவர் மொழியில் இதைவிடப் பணிவாகச் சொல்ல முடியாது.

முதல் நாள் தூத்துக்குடியில் தங்கினேன். இறங்கியதும் முகத்தில் மோதியது உப்புக் காற்று. எங்கள் மழை நகரத்திலும் துறைமுகம் உண்டு. ஆனால் அங்கே கடலுக்கு மணமே இல்லை. இங்கே கருவாடும் டீசலும் சுடச்சுட வறுபடும் முந்திரியும் ஒரே தெருவில் கலந்து வந்தன. விடுதிக்கு எதிரே பேக்கரி வைத்திருந்தவர் ஒரு மக்ரூனை எடுத்து, காசு வாங்கும் முன்பே கையில் வைத்தார்.

“தின்னு பாருங்க. வாயில வச்சா இருக்கக் கூடாது. இருந்துச்சுன்னா அது எங்க கடை மக்ரூன் இல்ல.”

இருக்கவில்லை. அதைச் சொன்னபோது, தேர்வில் முதல் மதிப்பெண் வாங்கிய மாணவன்போல அந்த அண்ணாச்சி சிரித்தார். காலையிலிருந்து பையில் கனத்துக்கொண்டிருந்த அந்தப் படிவம் ஒரு கணம் இலேசானதுபோல் இருந்தது.

மறுநாள் பேருந்து ஊர் எல்லையைத் தாண்டவில்லை. துறைமுகத்தில் இறங்கிய காற்றாலை இறக்கை ஒன்று, டிரெய்லர் வண்டியில் சாலையின் திருப்பத்தில் குறுக்காகச் சிக்கி நின்றது. அதன் நீளத்துக்கு எங்கள் பேருந்துகளை வரிசையாக நிறுத்தினாலும் நாலைந்து பிடிக்கும். இருபுறமும் உப்பளம். வெள்ளை அம்பாரங்கள் கண்ணைக் கூசவைத்தன. வாகனங்களிலிருந்து இறங்கிய ஆண்கள் அனைவரும் ஓட்டுநருக்கு வழிகாட்டத் தொடங்கினார்கள்.

“ஏலே, பொறத்தால வா! பொறத்தாலலே!”

“அவன் பேச்சக் கேக்காத. முன்னால போ.”

“கப்பல்ல வாரதுக்கு ஒரு மாசம். இந்த முக்கு திரும்ப ஒரு மாசமா?” என்றார் முன்னிருக்கைக்காரர்.

மீன் கூடையோடு நின்ற பெண் பக்கத்திலிருந்தவளை இடித்தாள். “ஏளா, றெக்கையே இம்புட்டு நீளம்னா, கோழி எம்புட்டு இருக்கும்?”

பேருந்தே சிரித்தது. நடத்துநர் வயிற்றைத் தடவிக்கொண்டு, “பசிக்கு, சீக்கிரம் திருப்புங்கலே” என்று வெளியே பார்த்துக் கத்தினார். என் அருகில் உட்கார்ந்திருந்த அம்மாள், “வெயில் என்னமா அடிக்கு” என்றபடி தன் முந்தானையின் ஒரு நுனியை என் பக்கத்துச் சன்னல் கம்பியில் செருகி எனக்கும் சேர்த்து நிழல் பண்ணினார். பிறகு பையிலிருந்து அவித்த பனங்கிழங்கை எடுத்து, நார் உரித்து நீட்டினார். எங்கள் நகரத்துப் பேருந்தில் ஒருவர் அருகில் ஒருவர் உட்காருவதற்கே தயங்குவார்கள். பெயர்கூடக் கேட்காமல் எனக்கு நிழல் கொடுத்த அந்தப் பெண்ணை இன்றும் நினைத்துக்கொள்கிறேன். இறக்கை திரும்ப ஒன்றரை மணி நேரம் ஆனது. எனக்கு அது நீளமாகத் தோன்றவில்லை.

ஜெனோவா பேருந்து நிறுத்தத்திலேயே காத்திருந்தார். நாற்பத்தைந்து வயதிருக்கும். கணவர் சரக்குக் கப்பலில் வேலை பார்க்கிறார். நான் அவரை ‘சிஸ்டர்’ என்று அழைக்க, அவர் என்னை முதலில் ‘மேடம்’ என்றும், தெரு முனைக்குள் ‘அக்கா’ என்றும் ஆக்கிவிட்டார். சமையலறையை அங்கே குசினி என்கிறார்கள். குசினியிலேயே இலை போட்டார். தேங்காய் அரைத்துவிட்ட சீலா மீன் குழம்பு.

“உங்க துறையில எத்தன பேரு வேல பாக்கிய?”

நான்கு குழுக்களைப் பற்றியும் சொன்னேன்.

“நாலு குரூப்பும் ஒரே கட்டடத்துலயா? பேசிக்கிடுவியளா?”

“வியாழக்கிழமை பேசுவோம்.”

“அப்போ மத்த நாளெல்லாம் சண்டையா?”

“சண்டை இல்லை. அவரவர் கதவுக்குப் பின்னால் இருப்போம்.”

“எங்க நோட்டு எந்தக் கதவுக்குப் பின்னால இருக்கு?”

“எல்லாவற்றுக்கும் பின்னால்” என்றேன். உண்மைதான். படக் குழு காகிதத்தைச் சுத்தம் செய்யும். மொழிக் குழு எழுத்துக்குப் பொருள் சொல்லும். பதிவேட்டுக் குழு அதை வகைப்படுத்தும். நோயாளியின் உடல்வாகோடு சேர்த்துப் பார்ப்பது மரபணுக் குழு.

அகப்பையோடு அப்படியே நின்றார் ஜெனோவா. “நாலு பேரு படிக்காவளா! இத நான் ஊருக்குள்ள சொல்லணும் அக்கா. சங்கு குளிக்கப் போறவனெல்லாம் வலிய மறைப்பான். சொன்னா வள்ளத்துல ஏத்த மாட்டாவ. அதான் நான் சத்தியம் பண்ணி வச்சிருக்கேன். உங்க பேரு எங்கயும் போவாது, நீங்க சொன்ன பேச்சு மட்டும் பெரிய காலேஜுக்குப் போவும், அங்கன படிச்சுப் பாத்து உங்க பிள்ளைகளுக்காவது வழி சொல்லுவாவன்னு. அத நம்பித்தான் இப்போ வாரானுவ, வாயத் திறக்கானுவ.”

பிசைந்த சோற்றை இலையிலேயே வைத்தேன். என் பையிலிருந்த தாள் ஒரு நோட்டுக் கட்டை மட்டும் தள்ளப் போவதில்லை. இந்தப் பெண் ஊராருக்குக் கொடுத்த வாக்கையும் சேர்த்துத் தள்ளும். அது தெரிந்தால் நாளை எந்த ஆணும் இவரிடம் வலியைச் சொல்ல வரப்போவதில்லை. சொல்ல வேண்டியதைச் சொல்லாமல், இன்னும் கொஞ்சம் குழம்பு கேட்டேன். கோழைத்தனம்தான். குழம்பு அருமையாக இருந்ததும் உண்மை.

மூன்றாம் நாள் வியாழக்கிழமை. புறநோயாளிகளைப் பார்க்கும்போது உடன் இருக்கலாமா என்று கேட்டேன். வந்திருந்தவர்களிடம் என்னைப் பற்றிச் சொல்லி, அவர்கள் சம்மதித்த பிறகு ஒரு முக்காலி போட்டுக்கொடுத்தார். நான்காவதாக வந்தவர் சூசை. சங்கு குளிப்பவர். கூடத்துப் பெஞ்சில் உட்காராமல் வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டே நின்றார்.

“தோளு வலிக்கு” என்றார்.

நான் பேனாவை உயர்த்தியபடி காத்திருந்தேன். ஜெனோவா எழுதிக்கொண்டிருந்தார்.

“சொல்லுங்கள். தோள் வலிக்கு…?” என்று எடுத்துக்கொடுத்தேன்.

“வலிக்கு.”

“வலிக்கு என்ன மருந்து போட்டீர்கள்?”

சூசை ஜெனோவா பக்கம் திரும்பினார். “இவிய என்ன கேக்காவ?”

“அக்கா, வலிக்குன்னா வலிக்கு. அம்புட்டுதான்” என்றார் ஜெனோவா.

“ஏன், அவிய ஊர்ல வலிச்சா எப்படிச் சொல்லுவாவளாம்?” சூசை விடவில்லை.

“வலிக்குதுன்னு சொல்வோம்” என்றேன்.

“அந்த ‘து’ வந்து சேருததுக்குள்ள எனக்கு அடுத்த வலி வந்துருமே!” என்றார் சூசை. கூடம் முழுதும் சிரித்தது.

என்னால் சிரிக்க முடியவில்லை. இரண்டு நாட்களாக அதைக் காதால் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறேன். வெயில் அடிக்கு. பசிக்கு. கேட்கும்போதெல்லாம் புரிந்த அந்தச் சொல், தாளில் எழுதியிருந்தால் எனக்குப் புரியாமல் போயிருக்கிறது. ‘தோள் வலிக்கு’ என்றால் தோள் வலிக்கிறது. எழுவாயும் பயனிலையும் கொண்ட முழு வாக்கியம். நான் கணினிக்கு எழுதிக்கொடுத்த விதியில் அது, வலியின் பொருட்டு என்று பொருள்படும் நான்காம் வேற்றுமை. பிறகு வரவேண்டிய மருந்தின் பெயரைக் காணாமல் கணினி அதைப் பாதி வாக்கியம் என்றது. முன்பே மருந்து எடுத்துவருபவர் என்று பதிவேட்டுக் குழு அப்படிச் சொன்னவரை வேறு பட்டியலில் போட்டது.

ஜெனோவா அதற்குள் எழுந்துவிட்டார். குரல் மாறியிருந்தது. “எப்ப ஏறுனிய? மடமடன்னு ஏறுனியளா? காலு எப்படி இருக்கு?”

“லேசா மரத்துட்டு.”

மரத்துவிட்டது என்று பொருள். எங்கள் விதிப்படி அதுவும் முடியாத வாக்கியம்தான்: ‘மரத்துவிட்டு’, பிறகு என்ன செய்தார்?

பத்து நிமிடத்தில் சூசைக்கு ஆக்சிஜன் முகமூடி மாட்டி, படுத்த வாக்கிலேயே மருத்துவமனை வண்டியில் தூத்துக்குடிக்கு அனுப்பினார். போகும்போது சூசை முகமூடியை விலக்கி, “அக்காவுக்கு ‘து’ இல்லாமப் பேசச் சொல்லிக் குடுங்க” என்றார். ஜெனோவா அவர் கையில் ஓர் அடி வைத்து முகமூடியைத் திரும்பப் பொருத்தினார்.

கூடம் காலியானதும் நோட்டுகளைக் காட்டச் சொன்னேன். அலமாரியிலிருந்து எடுத்து வைத்தார். அவற்றைத் தாளாக நேரில் பார்ப்பது அதுதான் முதல் தடவை. ஒவ்வொரு வரியின் கடைசியிலும் மிளகு அளவுக்கு மையில் ஒரு பொட்டு.

“இது என்ன?”

“புள்ளி. நீங்கதான எழுதி அனுப்புனிய, முழு வாக்கியமா எழுதுங்கன்னு. நானும் எங்கன குறையுதுன்னு பாத்தேன். எல்லாம் முழுசாத்தான் இருக்கு. அப்போ புள்ளி விட்டுப் போச்சு போலன்னு பழைய நோட்டையும் எடுத்து வரிக்கு வரி வச்சேன். நல்லாத் தெரியட்டும்னு அமுக்கி வச்சேன். மறுபடி படம் பிடிச்சும் அனுப்புனேன்லா?”

அந்தக் கடிதத்தை எழுதியது நான். கடைசியில் என் பெயர் இருந்தது.

பையிலிருந்து படிவத்தை எடுத்து மேசையில் வைத்து, எதற்கு வந்தேன் என்று அப்போது சொன்னேன். தவறு யாருடையது என்பதையும் சொன்னேன். அவர் தாளை ஒரு தடவை படித்தார். நோட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாகச் சரிபார்த்து அடுக்கினார். ஏற்கெனவே அவை சரியாகத்தான் அடுக்கப்பட்டிருந்தன.

“அப்போ எங்க நோட்டத் தள்ளத்தான் வந்திருக்கிய.”

“ஆமாம்.”

“நேத்து சாப்பிடும்போதே சொல்லியிருக்கலாம்லா. சொன்னா குழம்பு ஊத்த மாட்டேன்னு நெனச்சியளா?” கண்ணில் நீர் கட்டியிருந்தது. அதைத் துடைத்துக்கொண்டு, “இன்னைக்குத்தான வியாழக்கிழமை? நாலு குரூப்பும் ஒக்காருத நாளு?” என்று கேட்டார்.

எங்கள் துறையின் காலைக் கூட்டம் இங்கே பிற்பகல். ஊருக்குள் மாதா சிலை வைத்த குகை மாடமான கெபி அருகில்தான் கைபேசிக்குச் சிக்னல் ஒழுங்காகக் கிடைக்கும் என்றார். கெபியின் நிழலில் உட்கார்ந்து, ஒரு நோட்டை மடியில் வைத்துக்கொண்டு, திரையில் என் சக ஊழியர்களைப் பார்த்தேன். அவர்களுக்குப் பின்னால் சன்னலில் மழை வழிந்துகொண்டிருந்தது. எனக்கு முன்னால் வலைகள் காய்ந்துகொண்டிருந்தன.

விதி என்னுடையது, பிழையும் என்னுடையது என்று தொடங்கினேன். நோட்டைத் திரைக்கு அருகில் பிடித்துக் காட்டியதும், படக் குழுவின் லேனா முன்னால் குனிந்தார்.

“அந்தப் பொட்டுகள்… அவை மையா? கடற்கரையிலிருந்து வருவதால் மணல் துகள் என்று நினைத்தோம். பக்கத்துக்குப் பக்கம் துடைத்து எடுத்தோம். அதற்கென்றே தனியாக ஒரு நிரல் எழுதினேன்.” அவர் முகம் சிவந்தது. “அழகாகத் துடைத்தது.”

இதை ஜெனோவாவுக்குத் தமிழில் சொன்னேன். “மணலா! ஒரு மாசம் வச்ச புள்ளி அக்கா!” என்று தலையில் கைவைத்தவர், பிறகு அடக்க முடியாமல் சிரித்தார். அர்த்தம் புரியாமலே லேனாவும் சிரித்தார். அவர் கண்களும் கலங்கியிருந்தன.

ஹென்ரிக் சிரிக்கவில்லை. “என் குழு அந்த ஆட்களை மருந்து எடுப்பவர்கள் என்று ஒதுக்கி வைத்தது. ஏன் இத்தனை பேர் என்று நான் கேட்டிருக்க வேண்டும்” என்றார். பின்பு, “படிவத்தில் கையொப்பம் ஆகிவிட்டதா?” என்று கேட்டார்.

“இல்லை.”

“அப்படியே கிழித்துவிடுங்கள்.”

எவரும் தன் குழுவைக் காப்பாற்றிப் பேசவில்லை. அடுத்த அறையைக் கைகாட்டவில்லை. பெரிய இடங்களில் இது அரிது என்பது அங்கே வேலை செய்பவர்களுக்குத் தெரியும். புதிய விதியை என் குழுவின் மற்ற இருவரும் அன்றே எழுதி, எல்லாப் பக்கங்களையும் மறுபடி படிக்க வைப்பதாகச் சொன்னார்கள். அவர்களுக்கு என் நன்றியை ஒரு தலையசைப்பில்தான் காட்ட முடிந்தது. சிக்னல் போய்விட்டது.

மாலையில் தூத்துக்குடியிலிருந்து தொலைபேசி வந்தது. சூசையின் காலில் உணர்வு திரும்பிவிட்டது. ஒரு வாரம் படுக்கை, பிறகு பார்க்கலாம் என்றார்களாம். ஜெனோவா இரண்டு கையாலும் முகத்தைத் துடைத்துக்கொண்டு கருப்பட்டிக் காப்பி போட்டார்.

நான்காம் நாள் முற்பகல். பெட்டியைக் கட்டி எடுத்துக்கொண்டு, திருச்செந்தூர்ப் பேருந்துக்காக நிறுத்தத்தில் நின்றோம். அப்போது ஹென்ரிக்கிடமிருந்து ஒரு செய்தி வந்தது. புதிய விதியோடு படித்ததில் மூழ்குபவர்களின் பக்கங்கள் ஒவ்வொன்றாக மேலே வரத் தொடங்கியிருந்தன. அவற்றுள் முதலாவதை இணைத்திருந்தார். மூன்று ஆண்டுக்கு முந்தைய பக்கம். பெயர் மறைக்கப்பட்டிருந்தது. ‘சங்கு குளிச்சிட்டு வந்தவிய. ரெண்டு முட்டும் வலிக்கு. இடது காலு மரத்துட்டு.’ கீழே ஹென்ரிக் ஒரே ஒரு கேள்வி கேட்டிருந்தார்: இந்த மனிதர் இப்போது எப்படி இருக்கிறார்?

அத்தனை ஆண்டுகளில் எங்கள் நடைக்கூடத்தில் ஒரு பக்கத்தைக் காட்டி இப்படி எவரும் கேட்டதில்லை. நானும் கேட்டதில்லை. ஜெனோவாவுக்குப் படித்துக் காட்டினேன்.

கைபேசியை வாங்கித் தன் கையெழுத்தையே நெடுநேரம் பார்த்தார். “இது யாருன்னு எனக்குத் தெரியும். பேரு சொல்ல மாட்டேன், சத்தியம் பண்ணிருக்கேன். ஆனா எழுதுங்க அக்கா. இப்போ கடலுக்குப் போவல. கரையில இருந்து வல பின்னுதாவ. மக கல்யாணத்துக்கு நடந்தே கோயிலுக்கு வந்தாவ.”

எழுதினேன்.

“இடது பக்கம் கொஞ்சம் சாஞ்சுதான் நடப்பாவ. அதயும் எழுதுங்க. அப்பத்தான் முழுசா இருக்கும்.”

அதையும் எழுதி, நான்கு குழுக்களுக்கும் அனுப்பினேன்.